இரண்டு நாள் இருந்தது

முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் 14ஆம் தேதி, உக்ரைனின் மரியுபோல் நகரத்துக்கு மேலே சென்ற செயற்கைக்கோள் ஒன்று எடுத்த படம். சிவப்புக் கூரை வேய்ந்த ஒரு நாடக அரங்கு. அதன் முன்வாசல் தரையிலும் பின்வாசல் தரையிலும் வெள்ளை எழுத்தில், விண்ணிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக, ஒரே ஒரு சொல். குழந்தைகள். உள்ளே தஞ்சம் புகுந்திருந்தவர்கள் அதை ரஷ்ய மொழியில் எழுதியிருந்தார்கள், குண்டு சுமந்து வருகிறவன் தன் தாய்மொழியிலேயே படிக்கட்டும் என்று. நகரத்தில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவதும் அதே மொழிதான்.

மார்ச் 16 அன்று அந்த அரங்கின் மேல் குண்டு விழுந்தது.

இரண்டு நாள் இருந்தது. விண்ணிலிருந்து தெரிந்த சொல்லை மண்ணில் இருந்தவர்கள் பார்க்க இரண்டு முழு நாள் இருந்தது. படம் வெளியே வந்தபோது அரங்கு ஏற்கெனவே இடிந்துகிடந்தது. உள்ளேயும் சுற்றிலும் இறந்தவர்கள் 600 பேரை நெருங்குவார்கள் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பின்னால் விசாரித்து மதிப்பிட்டது. ஆம்னெஸ்டி அமைப்பால் உறுதியாக நிறுவ முடிந்த சாவுகள் பன்னிரண்டு அளவில்தான். மேலும் பலர் இறந்திருக்கக்கூடும் என்று அதுவும் சொன்னது. பன்னிரண்டுக்கும் அறுநூறுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தில்தான் மனிதர்கள் கிடக்கிறார்கள், பெயரில்லாமல், கணக்கில்லாமல்.

உங்களை அழவைக்க இதைச் சொல்லவில்லை. அழுவது எளிது. அழுது முடித்து, முகம் கழுவி, சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். நான் கேட்பது வேறு. அந்த இரண்டு நாளில் நாம் எங்கே இருந்தோம்? இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு நாளில் எங்கே இருக்கிறோம்?

மரியுபோலைப் பற்றி 2022க்கு முன் நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதில்லை. கால்மியுஸ் ஆறு அசோவ் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரிமியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கிரேக்கர்கள் குடியேறி வளர்த்த ஊர். பிறகு இரும்பு வந்தது. இலிச் ஆலை, அசோவ்ஸ்டால் ஆலை என்று இரண்டு பெரிய உருக்காலைகள், ஒரு துறைமுகம், போருக்கு முன் ஏறக்குறைய 4,30,000 மக்கள். அசோவ்ஸ்டால் மட்டுமே 11 சதுர கிலோமீட்டர் பரப்பு; முதல் ஊதுலை எரியத் தொடங்கியது 1933இல். ஊதுலையைப் பற்றி உருக்காலை ஊர்க்காரர்களுக்கு ஒன்று தெரியும். பிலாயிலோ ஜாம்ஷெட்பூரிலோ வேலை பார்த்த உறவினர் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். நினைத்தபோது அணைத்து நினைத்தபோது ஏற்ற அது வீட்டு அடுப்பு இல்லை. இரவு பகல், நல்ல நாள் கெட்ட நாள் பாராமல் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே உருகிய இரும்பு உறைந்துவிட்டால் அதை உடைத்தெடுப்பதே பெரும்பாடு. அசோவ்ஸ்டாலின் உலைகள் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நகரத்தைப் பிடித்தபோது நின்றன. அடுத்து அவை நின்றது 2022இல்.

இன்னொன்றும் கேளுங்கள். இத்தாலியின் ஜெனோவா நகரில் 2018இல் ஒரு மேம்பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் கட்டி 2020இல் திறந்த புதுப் பாலத்துக்கு உருக்குத் தகடு போனது அசோவ்ஸ்டாலிலிருந்து. முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் பாதுகாப்பாகக் கடந்துபோக இரும்பு வார்த்துக் கொடுத்த ஊர் அது. அந்த ஊர் மக்கள் வெளியேற ஒரு சாலை கிடைக்கவில்லை.

2022 பிப்ரவரி 24இல் ரஷ்யாவின் படையெடுப்பு தொடங்கியது. கிழக்கே டோனெட்ஸ்கிலிருந்து ஒரு படை, மேற்கே கிரிமியாவிலிருந்து கடலோரமாக ஒரு படை. இரண்டும் கைகோத்தால் டோனெட்ஸ்க் இருக்கும் டான்பாஸ் வட்டாரத்துக்கும் கிரிமியாவுக்கும் தரைவழி அமைந்துவிடும். நடுவில் இருந்தது மரியுபோல். அதனால் அது வேண்டும். ஆலை இடிந்தாலும் வேண்டும், வீடு எரிந்தாலும் வேண்டும், ஆளே இல்லாமல் போனாலும் வேண்டும். மார்ச் முதல் வாரத்திலேயே நகரத்தைச் சுற்றி வளைத்தாயிற்று. மின்சாரம் போனது. தண்ணீர் போனது. வீட்டுக்குள் வரும் வெப்பம் போனது. எரிவாயு போனது. கைப்பேசி அலையும் போனது. வெளியே உறைபனிக் குளிர்.

வெளியேற வழி விடுவோம் என்று மார்ச் 5இல் அறிவித்தார்கள், நடக்கவில்லை. மறுநாளும் அறிவித்தார்கள், நடக்கவில்லை. மாத நடுவில்தான் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற முடிந்தது. கார் இல்லாதவர் என்ன செய்வார்? கார் இருந்தும் பெட்ரோல் இல்லாதவர்? நான்காம் மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டி? பனியை உருக்கிக் குடித்தார்கள். வெப்பக் குழாய்களில் தேங்கிக்கிடந்த துருத் தண்ணீரை வடித்துக் குடித்தார்கள். அடுக்குமாடி முற்றத்தில் கல் கூட்டி, மேசை நாற்காலியை உடைத்து எரித்துச் சமைத்தார்கள். அதே முற்றத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில், செத்தவரைப் புதைத்தார்கள். பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றில் 25 மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, நகராட்சித் தொழிலாளர்கள் உடல்களை வரிசையாக இறக்கினார்கள். பெயர் சொல்லி அழ ஆள் இல்லை. நின்று அழ நேரமும் இல்லை.

முற்றுகைக்கு உழிஞை என்றும் மதில் காப்பதற்கு நொச்சி என்றும் பூவின் பெயரால் திணை வகுத்தவர்கள் நாம். அந்த இரண்டு பூவுக்கும் நடுவில் நசுங்குகிறவர்களுக்கு நம் இலக்கணம் திணை வகுக்கவில்லை. ஆனால் ஒரு புலவர் அவர்களைப் பார்த்தார். ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டிருக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தபோது கோவூர்கிழார் அங்கே போனார். அவர் கண்ணில் பட்டது வாளும் கொடியும் மட்டும் இல்லை. பாலில்லாமல் கதறும் குழந்தையைப் பார்த்தார். பூவில்லாமல் வெறுமனே முடிந்த கூந்தலைப் பார்த்தார். தண்ணீரில்லாத வீடுகளிலிருந்து எழுந்த ஓலத்தைக் கேட்டார். கேட்டதை மன்னன் முகத்துக்கு நேரே சொன்னார். பிறகு உறையூரிலும் அதே இருவர் எதிரெதிரே நின்றபோது போனார்; யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார். கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடப்போனபோதும் போனார். யானையைப் பார்த்த வியப்பில் அழுகையை மறந்துவிட்ட பச்சைப் பிள்ளைகள். பாடினார், பிள்ளைகள் பிழைத்தார்கள்.

கதவைத் திற, அல்லது வெளியே வந்து போரிடு என்று நெடுங்கிள்ளியிடம் அவர் சொன்ன யோசனையை மரியுபோலுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அது பங்காளிச் சண்டை. இது அண்டை நாட்டின் படையெடுப்பு. நான் எடுத்துக்கொள்வது அவர் போன நேரத்தை. யானை காலைத் தூக்குவதற்கு முன் போனார். ஒரு நாழிகை கழித்துப் போயிருந்தால் அதே பாட்டு கையறுநிலைப் பாட்டாக ஆகியிருக்கும். இலக்கணம் சுத்தமாக இருந்திருக்கும், நாமும் இன்றைக்குப் படித்து வியந்திருப்போம், பிள்ளைகள் மட்டும் இருந்திருக்க மாட்டார்கள்.

நம் காலத்தில் யார் போனார்கள், எப்போது போனார்கள்? கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் 21இல் ரஷ்ய அதிபர் புதின் தன் பாதுகாப்பு அமைச்சரை எதிரே உட்காரவைத்துத் தொலைக்காட்சிக் கேமரா முன்னால் உத்தரவிட்டார்: ஆலைக்குள் புக வேண்டாம், ஓர் ஈ கூடத் தப்பாதபடி அடைத்துவிடுங்கள். அப்போது அசோவ்ஸ்டாலின் நிலவறைகளில், சோவியத் காலத்தில் கட்டிய அந்தக் கான்கிரீட் பொந்துகளில், படைவீரர்களோடு நூற்றுக்கணக்கான பொதுமக்களும் இருந்தார்கள். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26இல், ஐ.நா. பொதுச்செயலர் குத்தேரஸ் மாஸ்கோவில் புதினின் நீண்ட மேசையின் ஒரு முனையில் உட்கார்ந்தார். போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் போனது வீண் என்று சொல்லமாட்டேன், ஐ.நா.வும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து, மே 7ஆம் தேதிக்குள் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் வெளியே கொண்டுவந்தார்கள். வாரக்கணக்கில் வெயிலைப் பார்க்காத பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மே மாதம் முடிந்தது மார்ச்சில் ஏன் முடியவில்லை? நாடக அரங்கில் இருந்தவர்கள் கேட்க முடியாத கேள்வி அது. அவர்களுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.

நிலவறை என்று நான் எழுதுகிறேன். ஈழத்து வாசகர்கள் அதைப் பங்கர் என்றே வாசிப்பார்கள்; அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2009இல் வன்னியில் இறுதிப்போரின்போது ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று ஐ.நா.வே அமைத்த உள்விசாரணை சொன்னது 2012 நவம்பரில். மூன்றரை ஆண்டு. பிந்துவது என்றால் என்ன என்று உடம்பால் அறிந்த மக்கள் நாம். அப்படிப்பட்ட நாம் பிறர் விஷயத்தில் பிந்தலாமா? நமக்கு நேர்ந்தபோது உலகம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்ட வாய், அடுத்தவருக்கு நேரும்போது அது அவர்கள் அரசியல் என்று சொல்லலாமா?

நகரத்தைக் காத்த படையின் அரசியலைப் பற்றி என்னிடம் கேட்பீர்கள். ஆலைக்குள் நின்று போரிட்ட படைப்பிரிவு ஒன்றின் தொடக்க கால வலதுசாரிச் சாய்வு பற்றி எழுதப்பட்டதை நானும் படித்திருக்கிறேன். எனக்கும் கேள்விகள் உண்டு. கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மார்ச் 9இல் குண்டு விழுந்த பிரசவ மருத்துவமனையில், தூக்குப்படுக்கையில் கிடத்தித் தூக்கிச்செல்லப்பட்ட அந்தக் கர்ப்பிணிப் பெண் எந்தப் பிரிவைச் சேர்ந்தவள்? இடுப்பில் காயம், சிவப்புத் துணியின் மேல் ஒரு கை வயிற்றைத் தாங்கியபடி. அவளும் பிழைக்கவில்லை, வயிற்றில் இருந்ததும் பிழைக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது உங்கள் கையில் இருக்கும் கருவியைப் பற்றி. கவனமாகக் கேளுங்கள்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் படத்தை எடுத்தவர்கள் அசோசியேட்டட் பிரஸ்ஸின் சிறு குழுவினர். எம்ஸ்டிஸ்லாவ் செர்னோவ், எவ்கெனி மலோலெட்கா, வசிலிசா ஸ்டெபானென்கோ. முற்றுகைக்குள் கடைசியாக எஞ்சியிருந்த சர்வதேசப் பத்திரிகைக்காரர்கள் அவர்களே. ஊரில் அலை கிடைத்தது ஓரிடத்தில் மட்டும், சூறையாடப்பட்ட ஒரு மளிகைக் கடைக்கு வெளியே. நாளுக்கு ஒருமுறை அங்கே போய், படிக்கட்டுக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, குண்டுச் சத்தத்துக்கு நடுவே படங்களைத் துண்டு துண்டாக அனுப்பினார்கள். மார்ச் 15இல் வெளியேறினார்கள். மறுநாள் அரங்கு இடிந்தது, படமெடுக்க அவர்கள் அங்கே இல்லை. செர்னோவ் அந்த நாட்களைக் கோத்து எடுத்த படத்துக்கு 2024இல் ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறியவர், இந்தப் படத்தை எடுக்கவே நேராமல் இருந்திருக்கக் கூடாதா என்ற பொருளில் பேசினார்.

உயிரைப் பணயம் வைத்து வெளியே அனுப்பிய அந்த மருத்துவமனைப் படங்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? நடிப்பு என்றார்கள். படங்களில் இருந்த இரண்டு கர்ப்பிணிகளும் வேடமிட்ட ஒரே பெண்தான் என்று லண்டனில் இருந்த ரஷ்யத் தூதரகமே சமூக ஊடகத்தில் எழுதியது. மருத்துவமனையில் நோயாளிகளே இல்லை, படைவீரர்தான் இருந்தார்கள் என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் சொன்னார். ஒரு பொய் மேலிருந்து விழுந்தது; கீழே இருந்த கோடிக்கணக்கான விரல்கள் அதை ஏந்திப் பரிமாறின. நம் விரல்களும் அவற்றில் உண்டு. என் கைப்பேசிக்கும் வந்தது. அனுப்பியவர் நல்ல மனிதர்; பேரப்பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்கிறவர். இது உண்மைதானா என்று கேட்டேன். தெரியாது, வந்தது, அனுப்பினேன் என்றார்.

தெரியாது, வந்தது, அனுப்பினேன். மதுரையை எரித்ததும் இதே சொல்தான். பாண்டியன் கொடியவன் இல்லை. தன் பிழை தெரிந்த கணத்தில் அரியணையிலேயே உயிரை விட்டவன். அவன் செய்தது ஒன்றே ஒன்று: பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காமல் அடுத்த ஆளுக்குக் கட்டளையாக அனுப்பினான். அந்த அவசரத்துக்கு ஓர் உயிர் போயிற்று, பின்னாலேயே ஒரு நகரம் போயிற்று. அந்த நகரத்தின் மேல் கண்ணகி ஏவிய தீ கூட முதியவரையும் குழந்தையையும் விட்டு விலகிப் போனது என்றுதான் இளங்கோ சொல்கிறார். கோபத்தின் உச்சியிலும் நம் காவியம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மரியுபோலில் விழுந்த தீ அந்தக் கோட்டைத் தாண்டியது. தாண்டியதை இல்லை என்று சொல்கிறவர்களுக்குத் துணை போவதற்கா நம் கையில் இத்தனை வேகமான கருவி?

ஆகவே சொல்கிறேன், விசாரியுங்கள். விசாரிக்க நேரமில்லையென்றால் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் தவறு என்று தெரிந்த அன்றே, அதே குழுவில், அதே ஆட்களிடம், நான் தவறாக அனுப்பினேன் என்று எழுதுங்கள். வெட்கமாக இருக்கும். இருக்கட்டும்.

இறந்தவர்களின் கணக்குக்கும் இதே கவனம் வேண்டும். மனித உரிமைகள் கண்காணிப்பகம் வேறு இரண்டு அமைப்புகளுடன் சேர்ந்து ஒரு வேலை செய்தது. செயற்கைக்கோள் படங்களிலும் ஒளிப்படங்களிலும் காணொளிகளிலும் மரியுபோல் கல்லறைகளை எண்ணினார்கள். ஒவ்வொரு மேடாக, ஒவ்வொரு சிலுவையாக. 2022 மார்ச்சுக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில், வழக்கமான சாவுகளுக்கு மேல் குறைந்தது 8,034 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2024இல் அறிவித்தார்கள். உண்மை எண்ணிக்கை இதற்கும் மேலே இருக்கும் என்றார்கள். அந்தக் கடைசி நான்கைப் பாருங்கள். எட்டாயிரம் என்று முழுமைப்படுத்தி எழுதியிருக்கலாம். முப்பத்து நான்கு பேரை விடவில்லை. செத்தவர் ஒருவரைக் கூட எண்ணாமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்து எண்ணியவர்களின் பொறுமையில் நான் அறத்தைப் பார்க்கிறேன். பல மேடைப் பேச்சுகளில் பார்த்ததில்லை, என் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பொறுமை அவசியம், ஏனென்றால் எண்ணுவதற்கான அடையாளங்கள் நாளுக்கு நாள் அழிகின்றன. மே 20ஆம் தேதிக்குள் ஆலைக்குள் எஞ்சியிருந்த வீரர்கள் சரணடைந்தார்கள். ரஷ்யக் கணக்குப்படி 2,439 பேர். நகரம் ரஷ்யாவின் கைக்குப் போனது. குடியிருப்புக் கட்டடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை சேதமோ அழிவோ அடைந்ததாக ஐ.நா. மனித உரிமை ஆணையர் சொன்னார். பிறகு எந்திரங்கள் வந்தன. கட்டடங்களை இடித்து அள்ளின. இடிபாட்டோடு என்ன போனது, யார் போனார் என்று நின்று பார்க்கச் சுதந்திரமான சாட்சி யாரும் இல்லை. 2022 டிசம்பரில் நாடக அரங்கைச் சுற்றிலும் உயரமாகத் திரை கட்டினார்கள். திரைக்கு உள்ளே இடித்தார்கள். திரையின் மேல் புஷ்கின், டால்ஸ்டாய் முகங்கள்.

டால்ஸ்டாய்! மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவுப் பதிப்புகளில், தமிழில், அவரைப் படித்து மனிதனானவர்கள் என் தலைமுறையில் எத்தனை பேர். கிரிமியப் போரில் செவஸ்தபோல் நகரம் முற்றுகையில் கிடந்தபோது அதற்குள்ளே பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, முற்றுகையின் அசிங்கத்தை உள்ளிருந்து எழுதியவர் அவர். அவர் முகத்தையே பிணம் மறைக்கும் துணியாக்கினார்கள். ரஷ்ய இலக்கியத்தை நேசிக்கிற நண்பர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன், உங்களுக்குத்தான் முதலில் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததா?

அடையாளங்களை அழிப்பது இன்றும் நடக்கிறது. நேரில் வந்து பதிவு செய்யாதவர்களின் வீடுகளை உரிமையாளர் அற்றவை என்று பட்டியலிட்டுப் பறிக்கிறார்கள். வருவதென்றால் ரஷ்யக் கடவுச்சீட்டோடு வர வேண்டும். ஓடிப்போனவர் எப்படி வருவார்? ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து குழந்தைகளைச் சட்டவிரோதமாகக் கொண்டுபோனதாகச் சொல்லி, 2023 மார்ச் 17இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்கும் அவருடைய குழந்தைகள் உரிமை ஆணையருக்கும் பிடியாணை பிறப்பித்தது. பிடியாணை காகிதத்தில் இருக்கிறது. குழந்தைக்கு ஆண்டுக்கொரு வயது ஏறுகிறது, பழைய முகவரி மறக்கிறது. பிந்தும் ஒவ்வொரு நாளும் யார் பக்கம் வேலை செய்கிறது என்று யோசியுங்கள்.

நாம் என்ன செய்தோம் என்று சொல்லியாக வேண்டும். மரியுபோலைச் சுற்றிப் படை நெருங்கிய அதே வாரம், மார்ச் 2இல், ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தது. படையெடுப்பைக் கண்டித்து 141 நாடுகள். வாக்களிக்காமல் ஒதுங்கியவை 35. இந்தியாவும் இலங்கையும் அந்த 35இல். காரணங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான நம் மாணவர்கள் அப்போது உக்ரைனில் சிக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பழைய நட்பு, தளவாடம், எண்ணெய் எல்லாம் உண்டு. அந்தக் காரணங்களை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அரசு ஒதுங்கியதால் நாமும் ஒதுங்கினோமா, நாம் ஒதுங்கியதால் அரசுக்கு எளிதாயிற்றா? மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியபோதுதான் என் வீட்டில் உக்ரைன் என்ற பெயர் அடிக்கடி கேட்டது. போருக்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் நூற்றுக்கு இரண்டு கூட இல்லாத ரஷ்ய எண்ணெய், 2023இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. என் ஸ்கூட்டரிலும் அது ஓடியிருக்கும். நான் நடந்துபோயிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஓட்டினேன் என்று சொல்கிறேன். சொல்லாமல் உங்களிடம் பேச எனக்கு உரிமை இல்லை.

தொலைக்காட்சியில் அம்புக்குறி போட்ட வரைபடம் வைத்து, யார் முன்னேறுகிறார், யார் பின்வாங்குகிறார் என்று ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நகரம் செத்துக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தோம். உறவுகளே, வேடிக்கை பார்க்கிறவனுக்கும் கணக்கு உண்டு. யானைக்காலில் பிள்ளைகளை இடப்போனபோது மன்றத்தில் கூடி நின்றவர்கள் எத்தனை பேர் என்று புறநானூறு எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் மிரண்டு மிரண்டு பார்த்தது அவர்களைத்தான்.

இவ்வளவு தூரத்திலிருந்து நம்மால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். தூரம் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை. 2024 மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை பல ஊர்களில் சோதனை போட்டது. சென்னையும் மதுரையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ரஷ்யாவில் வேலை, நல்ல சம்பளம், காவலாளி, உதவியாளர் என்று யூடியூபிலும் தெரிந்தவர் மூலமும் ஆசை காட்டி, இந்திய இளைஞர்களை ஏற்றி அனுப்பிய கூட்டத்தைத் தேடித்தான் அந்தச் சோதனை. போய் இறங்கியதும் கடவுச்சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சில நாள் பழக்கி, போர்முனைக்கு அனுப்பினார்கள். சிலர் பிணமாகத்தான் திரும்பினார்கள். இலங்கையிலிருந்தும் முன்னாள் படைவீரர்கள் பலர் இப்படியே போனார்கள். அதாவது, அங்கே இன்னொரு ஊரின் மேல் சுடுவதற்கு இங்கே நம் ஊர்களில் ஆள் பிடிக்கிறார்கள். சுடப்படுவதற்கும் அதே ஆள்தான்.

எனவே கோவூர்கிழார் போக வேண்டிய இடம் இப்போது உங்கள் தெருவிலேயே இருக்கிறது. கடன் ஏறிய வீடு. படிப்பு முடித்து மூன்று வருடமாக வேலையில்லாத பையன். வாசலில் புதிதாக வந்து நிற்கும் ஒரு பைக், இனிக்க இனிக்கப் பேசும் ஒரு ஏஜென்ட். அம்மா நகையை அடகு வைத்துவிட்டாள். விசா வந்துவிட்டது என்கிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் போனதும் சொல்வார்கள் என்கிறார்கள். நமக்கெதற்கு என்று நீங்கள் கதவைச் சாத்தப் போகிறீர்கள். சாத்தாதீர்கள். எந்த நிறுவனம், எந்த ஊர், கையெழுத்துப் போட்ட காகிதம் எந்த மொழியில் இருக்கிறது, அதைத் தமிழில் யாராவது படித்துச் சொன்னார்களா என்று போய்க் கேளுங்கள். அந்தப் பையன் கோபப்படுவான். அவன் அப்பா உங்களோடு பேச்சை நிறுத்துவார். பொறாமை என்பார்கள். பொறுத்துக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள். நாளை மறுநாள் விமானம் என்கிறார்கள். இரண்டு நாள் இருக்கிறது. இன்றிரவே போங்கள்.